சொல்லக் கூடிய விலை

பேரம் பேசுவது சரியா, தப்பா என்று நம்மில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. மின்சாரக் கட்டணம் இவ்வளவு என்று வந்தால் மறுபேச்சில்லாமல் கட்டுகிறோம். பெரிய ஆஸ்பத்திரியில் ரசீதை நீட்டினால் தொகையைப் பார்த்து மனம் திடுக்கிட்டாலும் கை என்னவோ பையைத்தான் திறக்கிறது. வாசலில் கூடையை இறக்கும் கீரைக்காரியிடம் மட்டும் ஐந்து ரூபாய் குறைக்காமல் வாங்கிவிட்டால், அன்றைக்கெல்லாம் ஏமாந்து போன மாதிரி ஓர் உறுத்தல். முகம் தெரியாதவன் கேட்டால் கேட்ட விலை, முகம் தெரிந்தவன் கேட்டால் பாதி விலை. இதுதான் நாம் வழக்கமாகக் கொண்டிருக்கும் தர்மம்.

அதிலும் கைவேலைப் பொருள் என்றால் பேரத்துக்கு ஒரு தனி ருசி வந்துவிடுகிறது. வெளிநாடு போய்த் திரும்பிய சிநேகிதர் வீட்டுக்குப் போகிறோம். கூடத்தில் கம்பளம் ஒன்று விரித்திருக்கிறது. இஸ்தான்புல் கடைவீதியில் வாங்கினது என்கிறார். எந்த ஊரில் நெய்தது, கம்பளியா பட்டா, எத்தனை மாதத்து வேலை என்பதெல்லாம் பிற்பாடு. முதலில் அவர் சொல்வது, கடைக்காரன் என்ன விலை சொன்னான், தாம் எவ்வளவுக்கு அடித்துப் பேசினார் என்பதுதான். கடையை விட்டு இறங்கித் தெருமுனை வரை நடந்தாராம். பின்னாலேயே ஓடி வந்தானாம். இந்த இடத்தை மட்டும் அவர் இரண்டு தடவை சொல்வார். கம்பளத்தில் எத்தனையோ பூ இருந்தும் அவர் கண்ணுக்குத் தெரிகிற பூ அந்தத் தள்ளுபடி ஒன்றுதான்.

இதைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. விலை சொல்கிறவன் உண்மையை மறைக்கிறான். கேட்கிறவனும் தன் ஆசையை மறைக்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் ஏய்க்கப் பார்த்து, நடுவில் எங்கோ ஒரு தொகையில் கைகுலுக்குகிறார்கள். அந்தத் தொகைக்கும் நியாயத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? ஒரே பொருளை ஒருவருக்கு ஒரு விலைக்கும் இன்னொருவருக்கு இன்னொரு விலைக்கும் விற்றால் அது அதர்மமா? இந்தக் கேள்வி புத்தகத்தில் இருந்த வரையில் எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. திண்டிவனம் பஸ் நிலையத்தில் எதிரே வந்து நின்றபோதுதான் அது சுலபமில்லை என்று தெரிந்தது.

விழுப்புரமும் திண்டிவனமும் ஒரு விசித்திரமான ஜோடி. தமிழ்நாட்டில் இந்த இரண்டு ஊர்களையும் கடந்து போகாதவர்கள் குறைவு; அங்கே போவதற்கென்றே கிளம்பியவர்களும் குறைவு. விழுப்புரத்தில் ரயில் பாதை நாலா பக்கமும் பிரிகிறது. ஒன்று விருத்தாசலம் வழியே திருச்சிக்கு; ஒன்று கடலூர், மயிலாடுதுறை பக்கம்; ஒன்று திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு; ஒன்று புதுச்சேரிக்கு. திண்டிவனத்தில் அதே மாதிரி சாலை பிரிகிறது. செஞ்சி, திருவண்ணாமலைக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, வந்தவாசிக்கு ஒன்று. திந்திருணி வனம் என்ற புளியங்காடுதான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். காடு போய்விட்டது, வழிப்போக்கர்கள் நின்று இளைப்பாறும் இடம் என்ற பழக்கம் மட்டும் போகவில்லை. பழைய தென்னாற்காடு ஜில்லாவைப் பிரித்து 1993-இல் விழுப்புரத்தை மாவட்டத் தலைநகராக்கினார்கள். ஆனாலும் பிரயாணிகளுக்கு அது இன்னும் ஜங்ஷன்தான்.

சந்திப்பு ஊர்களின் வியாபாரத்துக்கு ஒரு குணம் உண்டு. உள்ளூர்க் கடையில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நாளைக்கு மறுபடி முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. அந்த நாளைதான் அவர்கள் நாணயத்தைக் காவல் காக்கிறது. சந்திப்பு ஊரில் நாளை என்பது கிடையாது. பஸ் பத்து நிமிஷம் நிற்கும். அதற்குள் விற்றாக வேண்டும், வாங்கியாக வேண்டும். பிறகு அவன் யாரோ, நாம் யாரோ. காவல்காரன் இல்லாத இடத்தில்தானே மனுஷனுடைய சுபாவம் தெரியும்?

திண்டிவனத்திலிருந்து வடக்கே போகிற வந்தவாசிச் சாலையைப் பற்றிச் சரித்திரப் புத்தகம் படித்தவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். 1760-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் அயர் கூட் என்ற ஆங்கிலேயத் தளபதி, லாலி என்ற பிரெஞ்சுத் தளபதியைத் தோற்கடித்தான். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவு கலைந்தது அங்கேதான் என்பார்கள். ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு வந்தவாசி என்றால் பாய்தான். கோரைப் பாய். பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு மட்டும் உதவுகிற யுத்தத்தை விட, கோடை ராத்திரியில் முதுகுக்குக் குளிர்ச்சி தருகிற பாய் பெரிய விஷயம் என்று அவர்கள் நினைத்தால் அதைத் தவறென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கோரைப் பாய் முடைவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நிதானமான வேலை என்று. அறுத்த கோரையை நீளவாரியாகத் தரம் பிரித்து, வகிர்ந்து, வெயிலில் காயவைத்து, சாயம் வேண்டியதற்குச் சாயம் போட வேண்டும். தரையோடு தரையாகப் பாவு நூல் கட்டிய தறி. ஒருவர் நீளமான குச்சியின் முனையில் ஒரு கோரையைக் கோத்து நூலின் ஊடே செலுத்துகிறார். இன்னொருவர் அச்சை இழுத்து அதை நெருக்கி அடிக்கிறார். பிறகு அடுத்த கோரை. பாயில் எத்தனை கோடு இருக்கிறதோ அத்தனை தடவை குனிந்து நிமிர்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் புருஷனும் மனைவியுமாகச் செய்கிற வேலை. முதுகு நோவு இருவருக்கும் பொது.

நான் சொல்ல வந்த சம்பவத்துக்கு வருகிறேன். மாலை நேரம். நான் விழுப்புரம் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பெரியவர் ஒருவர் ஏழெட்டுப் பாய்களைச் சுருட்டிக் கட்டித் தூணில் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். வந்தவாசிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், தாமே முடைந்தவை என்றார். விலை கேட்டேன். "நானூறு சார்" என்றார். வாங்கலாமா, பஸ்ஸில் இதை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக் கொண்டிருந்த சமயத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். ஆரோவில்லில் வந்து தங்கியிருப்பவர் என்று பிறகு தெரிந்தது. பாய் ஒன்றைப் பிரித்துத் தடவிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் மறைக்க முடியாமல் தெரிந்தது. விலை எவ்வளவு என்று ஜாடையாகக் கேட்டார். பெரியவர் ஒரு விரலை நீட்டி, "தௌசண்ட்" என்றார்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் இவர் இதே விலைதான் சொன்னாரா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். கேள்வி இவ்வளவு நேராக வந்த பிறகு மழுப்ப இடமில்லை. பொய் சொல்ல வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். "இல்லை, எனக்கு நானூறு" என்றேன். சொன்ன கையோடு பெரியவரிடமும் சொன்னேன்: "அம்மா கேட்டாங்க, உள்ளதைச் சொல்லிட்டேன் பெரியவரே. நீங்க என்ன சொல்லணுமோ சொல்லுங்க, மாத்தாம அவங்ககிட்ட சொல்றேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆயிரம்னு சொன்னது விலை இல்ல சார். அது பேச்சுக்கு. அந்தம்மா பாதிக்குக் கேப்பாங்கன்னு சொன்னது. உங்களுக்கு நானூறு சொன்னேனே, அதுவும் விலை இல்ல. பொழுது போயிருச்சு. இந்தக் கட்டைத் திரும்பவும் பஸ்ஸுல ஏத்திக்கிட்டு ஊருக்குப் போக முடியாது. அதுக்காகச் சொன்னது."

மொழிபெயர்த்தேன். அம்மாள் கவனமாகக் கேட்டார். "அப்படியானால் விலைதான் என்ன?" என்றார்.

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். கோரை, நூல், சாயம் எல்லாமாக ஒரு பாய்க்கு இருநூறு ஆகிறது. தாமும் சம்சாரமும் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்தால் நாளைக்கு இரண்டு பாய். நானூறுக்கு விற்றால் ஆளுக்கு இருநூறு நிற்கும். சித்தாள் வேலைக்குப் போனால் கூட அதைவிட அதிகம். விற்க வருகிற நாளுக்குக் கூலியே கிடையாது. "அறுநூறு கிடைச்சா நாங்க ரெண்டு பேரும் கூலி வாங்கினோம்னு சொல்லிக்கலாம்" என்று முடித்தார்.

அம்மாள் விடவில்லை. "பிறகு ஏன் உங்களிடம் அறுநூறு கேட்கவில்லை?" என்று என்னைக் கேட்டார். அதையும் அப்படியே பெரியவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்க ஒரு தடவை பார்த்துவிட்டு, "சார் வாங்கமாட்டாரு" என்றார். மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

அம்மாள் அறுநூறு எண்ணிக் கொடுத்துவிட்டுப் பாயை வாங்கிக்கொண்டு போனார். நானும் ஒரு பாய் எடுத்துக்கொண்டு அறுநூறை நீட்டினேன். பெரியவர் நானூறை எடுத்துக்கொண்டு இருநூறைத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கு நானூறுன்னு சொல்லிட்டேன் சார். சொன்னதுக்கு மேல வாங்கினா அது வேற" என்றார். வேறு என்றால் என்ன என்று கேட்டேன். "வேறதான்" என்றார். பஸ் வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு என் மேல் கோபமே வந்துவிட்டது. "ஓய், அந்த அம்மாளுக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டா? ஏழைக்கு நாலு காசு அதிகம் கிடைக்கிற இடத்தில் நீர் ஏன் மூக்கை நுழைத்தீர்? ஹரிச்சந்திரன் வேஷம் போட உமக்குப் பாய்க்காரன் வயிறுதானா அகப்பட்டது?" என்றார். அவர் பேச்சில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. உண்மை பேசுவதன் செலவை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டுத் தாம் மட்டும் புண்ணியம் சம்பாதிக்கிற பேர்வழிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

இந்த விவகாரம் புதிதல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு 44 வருஷம் முன்பு ரோமாபுரியில் ஸிஸரோ என்ற அறிஞர் கடமைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஒரு வழக்கைச் சொல்கிறார். ரோட்ஸ் என்ற தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியம் கொண்டு வருகிறான். இன்னும் பல கப்பல்கள் பின்னால் வந்துகொண்டிருப்பதை வழியில் அவன் பார்த்திருக்கிறான். தீவிலுள்ளவர்களுக்கு அது தெரியாது. அவன் அதைச் சொல்ல வேண்டுமா, அல்லது வாயை மூடிக்கொண்டு கிடைத்த விலைக்கு விற்கலாமா? டயோஜினீஸ் என்ற தத்துவவாதி, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு, விற்பவன் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை என்கிறார். அவருடைய சிஷ்யர் ஆண்டிபேட்டர், மனிதனுக்கு மனிதன் அப்படி இருக்கக்கூடாது, தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும் என்கிறார். ஸிஸரோ சிஷ்யர் பக்கம் சாய்கிறார்.

நம் நாட்டில் இதற்கு விடை அதைவிடச் சுருக்கம். கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது, வாங்குவதை அதிகமாக வாங்காதவர்கள், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காதவர்கள் என்று புகழ்கிறது. வள்ளுவரும் நடுவு நிலைமை என்ற அதிகாரத்தின் கடைசியில் வணிகனைக் கொண்டுவந்து நிறுத்தி, பிறர் பொருளையும் தன் பொருளைப்போல் பாவிப்பதுதான் வாணிகம் என்று முடிக்கிறார். நீதிபதிக்குச் சொல்ல வேண்டிய நடுவு நிலைமையை அவர் வியாபாரிக்கும் சொல்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். தராசு இரண்டு பேர் கையிலும் இருக்கிறதல்லவா?

ஆனால் நண்பர் இதற்கெல்லாம் மசிகிறவர் அல்ல. "பழைய காலத்துக் கிராம வைத்தியர்கள் ஏழையிடம் காசு வாங்காமல் மிராசுதாரிடம் இரட்டிப்பாக வாங்கவில்லையா? அதை நீர் தர்மம் என்று எழுதுகிறீர். பாய்க்காரன் அதையே செய்தால் அதர்மமா?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. ஆளுக்கு ஒரு விலை என்பதே பாவம் என்றால் அந்த வைத்தியரும் பாவிதான். சர்க்காரும் பாவிதான். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க நமக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்கு ஒரு கட்டணம். 2018-இல் அது 40 ரூபாய் என்றும் 600 ரூபாய் என்றும் ஆயிற்று. பதினைந்து மடங்கு! பெரியவர் இரண்டரை மடங்குதானே கேட்டார்?

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு வித்தியாசம் புலப்பட்டது. மாமல்லபுரத்துக் கட்டணம் பலகையில் எழுதியிருக்கிறது. வெளிநாட்டார் இரண்டு தொகையையும் பார்க்கிறார்கள். ஏன் என்று கேட்கலாம். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். வைத்தியர் தம்மிடம் இரட்டிப்பு வாங்கி ஏழைக்கு மருந்து கொடுக்கிறார் என்பது மிராசுதாருக்கும் தெரியும். அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வார். ஆயிரம் என்ற விலை அப்படியல்ல. நானூறு என்பது அந்த அம்மாள் காதில் விழாத வரைக்கும்தான் அது உயிரோடு இருக்கும். விழுந்த மறு நிமிஷம் செத்துவிடும். இரண்டு விலை இருப்பதில் குற்றமில்லை. ஒன்றுக்கு முன்னால் மற்றொன்று நிற்க முடியாமல் போவதில்தான் குற்றம். எந்த விலையைச் சம்பந்தப்பட்ட எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல முடியுமோ, ஏன் என்று கேட்டால் பதிலும் சொல்ல முடியுமோ, அது நியாயமான விலை. இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

இந்த உரைகல்லை விற்பவனிடம் மட்டும் உரசிப் பார்ப்பது அழகல்ல. அன்றைக்கு விழுந்தது ஆயிரம் மட்டுமா? நானூறும் கூடத்தான் விழுந்தது. பெரியவர் விரல் விட்டு எண்ணிக் காட்டிய பிறகு, "எனக்கு நானூறு" என்று உரக்கச் சொல்ல என் நாக்கு எழவில்லை. அதிக விலை மறைவை நம்பிப் பிழைப்பதைப் போலவே குறைந்த விலையும் ஒரு மறைவை நம்பித்தான் பிழைக்கிறது. முடைந்தவர்களுடைய முதுகை நாம் பார்ப்பதில்லை. அதனால் விலை மலிவாக இருக்கிறது.

கம்பளங்களின் கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். லண்டன் மாநகரில் விக்டோரியா - ஆல்பர்ட் பொருட்காட்சிச் சாலையில் ஆர்டபில் கம்பளம் என்று ஒன்று இருக்கிறது. பாரசீகத்தில் ஹிஜ்ரி 946-இல், அதாவது 1539, 40 வாக்கில் முடிந்த வேலை. முப்பது அடிக்கு மேல் நீளம். 1893-இல் இரண்டாயிரம் பவுனுக்கு வாங்கினார்கள். அதன் ஓரத்தில் காஷான் ஊர் மக்ஸூத் என்று ஒரு பெயர் நெய்திருக்கிறது. கோடிக்கணக்கான முடிச்சுகள், அவற்றைப் போட்ட கைகளில் ஒன்றுக்குக் கூடப் பெயர் இல்லை. அதற்கு ஜோடியாக இருந்த இன்னொரு கம்பளத்தை வெட்டித்தான் இதன் சேதத்தைச் சரி செய்தார்களாம். ஒன்று முழுசாகத் தெரிய வேண்டுமானால் இன்னொன்று துண்டாக வேண்டியிருக்கிறது. உலகத்தின் ஒழுங்கே இப்படித்தான் போலும்!

நம் நாட்டில் இதைவிடக் கசப்பான அத்தியாயம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மிர்ஸாபூர், படோஹி வட்டாரத்துக் கம்பளங்கள் உலகமெங்கும் போகின்றன. குழந்தைகளின் விரல் மெலிந்தது, முடிச்சு நெருக்கமாக விழும் என்று சொல்லிச் சிறு பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்தார்கள். 1986-இல் வந்த சட்டம் கம்பளத் தொழிலில் குழந்தைகளை வைக்கக்கூடாது என்றது. சட்டம் போதவில்லை. கைலாஷ் சத்யார்த்தி முதலியோர் முயற்சியால் 1994-இல், குழந்தைகள் உழைப்பில்லாத கம்பளத்துக்கு ரக்மார்க் என்று ஒரு முத்திரை ஏற்பட்டது. இன்று குட்வீவ் என்ற பெயரில் நடக்கிறது. சத்யார்த்திக்கு 2014-இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அந்த முத்திரை செய்கிற வேலை என்ன? விலைக்குப் பின்னால் இருக்கிற சமாசாரத்தை வாங்குபவர் காதில் போடுகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. நியூயார்க்கில் கம்பளத்தை அடித்துப் பேசி வாங்கிய புண்ணியவான், மீதி விலையை ஒரு குழந்தை கட்டியிருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கம்பளத்தின் மேல் செருப்புக் காலோடு நடப்பானா?

சரி, பேரமே வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்று எழுதி ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அப்படிச் செய்தார்கள். கொடுக்க நினைக்காத விலையைச் சொல்வது பொய் என்பது அவர்கள் கட்சி. குழந்தையை அனுப்பினாலும் அதே விலைக்குக் கிடைக்கும் என்பதால் ஜனங்கள் அவர்கள் கடையைத் தேடிப் போனார்கள். நம்மிடமும் 1935-இல் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸ் கடைகளில், 1973-இல் ஏற்பட்ட பூம்புகார் கடைகளில், சீட்டில் உள்ள விலைதான் விலை. அங்கே யாரும் தெருமுனை வரை நடந்து பார்ப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான். பவானி ஜமக்காளத்துக்கும் பத்தமடைப் பாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதும் நல்லதே. ஊர்ப்பெயருக்கு ஒரு மரியாதை ஏற்படும்போது விலைக்கும் கொஞ்சம் முதுகெலும்பு உண்டாகிறது. 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது.

ஆனால் பஸ் நிலையத்துத் தூணில் சாய்ந்து நிற்கிற கட்டுக்கு யார் சீட்டு ஒட்டுவது? அந்த நானூறைப் பெரியவர் நிர்ணயிக்கவில்லை, நானும் நிர்ணயிக்கவில்லை. எதிர்க் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் பாய் நிர்ணயித்தது. கடைசி பஸ் நிர்ணயித்தது. கோரை விற்றவனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி நிர்ணயித்தது. தனி மனிதன் ஒருவன் இருநூறு ரூபாய் அதிகம் கொடுத்து இத்தனையையும் நேர் செய்துவிட முடியாது. முடியும் என்று நினைத்துக்கொள்வது ஒருவகைக் கர்வம்.

அந்தக் கர்வத்துக்குத்தான் பெரியவர் இடம் கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அம்மாளிடம் அறுநூறு வாங்கினார்; என்னிடம் வாங்க மறுத்தார். நண்பருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. எனக்கு அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அம்மாளுக்கு அறுநூறு என்று அவரே சொன்னார். எனக்கு நானூறு என்று அவரே சொன்னார். முதலில் சொன்ன ஆயிரம் மட்டும் அவர் கணக்கில் சொல்லே அல்ல, வெறும் ஆட்டத்தின் தொடக்கம். நான் கொடுக்க வந்த இருநூறு அவர் சொல்லிலிருந்து வரவில்லை. என் இரக்கத்திலிருந்து வந்தது. இரக்கத்திலிருந்து வருகிற பணத்துக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. "வேற" என்பதோடு நிறுத்திக்கொண்டார். விலை சமானமானவர்களுக்கு இடையே நடப்பது. தானம் மேலிருந்து கீழே விழுவது. வயிற்றுக்குக் குறைந்தாலும் சரி, சமானத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பவர்கள் இன்னும் பாய்க்கட்டோடு பஸ் ஏறுகிறார்கள்.

காந்தியடிகள் 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது ரஸ்கின் எழுதிய புத்தகம் ஒன்றைப் படித்தார். ராத்திரி முழுவதும் தூங்கவில்லை. வக்கீலின் வேலைக்கும் நாவிதனின் வேலைக்கும் மதிப்பு ஒன்றுதான், ஏனென்றால் உழைத்துப் பிழைக்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்று என்பது அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று. பிற்பாடு அந்தப் புத்தகத்தின் சாரத்தைச் சர்வோதயம் என்ற பெயரில் குஜராத்தியில் எழுதினார். அந்த இரவு வேலையின் மதிப்பைப் பற்றி அவர் எடுத்துக்கொண்ட பாடத்தை இன்று நாம் வாயால் ஒப்புக்கொள்கிறோம். கையால் ஒப்புக்கொள்வதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

அதற்காக வாசகர்கள் இனிமேல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று நான் உபதேசம் செய்யப்போவதில்லை. கேட்ட விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதும் ஒருவகையில் பேச மறுப்பதுதான். உன்னோடு எனக்கு என்ன பேச்சு என்று காசை விட்டெறிவது போன்றதுதான். பேரத்தில் ஒரு நன்மை உண்டு: இரண்டு பேர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். "கடைசி விலை என்ன?" என்று ஆரம்பிப்பதற்குப் பதிலாக, "நாளைக்கு எத்தனை முடைவீங்க? சரக்குக்கு எவ்வளவு ஆகுது?" என்று ஆரம்பிக்கலாம். பதில் கேட்ட பிறகு நமக்குக் கட்டுப்படியாகாவிட்டால், ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வரலாம். அதில் அவமானம் இல்லை. கட்டுப்படியானால், அவர்கள் சம்சாரமும் நம் சம்சாரமும் பக்கத்தில் நின்று கேட்டாலும் கூசாமல் சொல்லக் கூடிய ஒரு தொகைக்கு வாங்கலாம்.

நம் வீடுகளில் பாய்க்கு இருக்கிற இடம் கட்டிலுக்குக் கூட இல்லை. குழந்தையை முதலில் விடுவது பாயில். கலியாணத்தில் சம்பந்திகளை உட்கார வைப்பது பாயில். கடைசியில் கிடத்துவதும் பாயில்தான். அவ்வளவு காலம் நம்மைத் தாங்குகிற ஒரு பொருளை, அதைச் செய்தவர் கூலியில் கை வைத்து வாங்கினோம் என்ற நினைவோடு விரித்துப் படுப்பதை விட, இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட விலைக்கு வாங்கினோம் என்ற நினைவோடு படுத்தால் தூக்கம் நன்றாக வரும். இந்த லாபத்தை எந்தத் தள்ளுபடியும் தருவதில்லை.